பன்னிரண்டு அங்குலம்

ஜூலை 11, 2019, வியாழன்

நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் அப்படியே இருக்கின்றன. பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த குடும்பம் ஒவ்வொரு வளைவையும் சத்தமாக எண்ணிக்கொண்டு வந்தது. முப்பத்தொன்றை விட்டுவிட்டு முப்பத்திரண்டுக்குத் தாவினார்கள். நான் திருத்தவில்லை. இந்த நாட்டில் யாரும் திருத்தப்படுவதை விரும்புவதில்லை என்பதை இருபத்தாறு வருட ஆசிரியர் வேலையில் கற்றுக்கொண்டேன்.

வால்பாறையில் ஜீப் காத்திருந்தது. கதவில் தங்க எழுத்தில் ‘க்ரேமோர் ஹெரிடேஜ் பங்களா’. காகிதத்தில்தான் அது க்ரேமோர். இலை பறிக்கிறவர்கள் வாயில் வரையாட்டுப்பாறை. டிரைவரிடம் அந்தப் பெயரை நான் சொல்லவில்லை. சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பான்.

ஹோட்டல்காரர்களைப் பொறுத்தவரை நான் பாளையங்கோட்டையிலிருந்து வரும் வரலாற்றுப் பேராசிரியர். பங்களாவுக்கு வருகிற விருந்தினர்கள் படிக்க ஒரு சிறு புத்தகம் எழுதித் தரப்போகிறவர். அது பொய்யில்லை. கல்லூரி முதல்வர் நாற்காலியில் என்னிடமே படித்த ஒருவனை, செயலாளரின் மருமகன் என்ற ஒரே தகுதிக்காக உட்கார வைத்த பிறகு, எனக்கு இப்படிப்பட்ட வேலைகளுக்கு நேரம் இருக்கிறது.

கீழ் கேட்டருகே சவுக்கு மரம் விழுந்து கிடந்ததால் ஜீப் அங்கேயே நின்றுவிட்டது. மழையில் குடை பிடித்து நடந்தேன். பாதை வளைந்து பங்களா வராந்தா தெரிகிற இடத்தில் காற்று பலமாக அடித்ததால் குடையை மடக்க வேண்டியதாயிற்று. நனைந்துகொண்டே போனேன். வராந்தாவில் நின்ற சமையற்காரப் பெண்மணி, அறுபது வயதிருக்கும், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் சார், நல்லாத்தான குடை இருக்கு? நனைஞ்சிட்டு வாறீங்க?”

“காத்து.”

“காத்தா?” என்று மரங்களைப் பார்த்தாள். மரங்கள் அசையவில்லை. “முன்னாடி எல்லாம் அந்த வளைவு வந்தா எல்லாரும் மடக்கிருவோம். துரை கண்ணுல விரிச்ச குடை படக்கூடாது. இப்ப யாரு மடக்குறா?”

விருந்தாளிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன். என் மைப் பேனா. இடது கைக்காரன் மைப் பேனா பிடித்தால் எழுதுவதையே கை துடைத்துக்கொண்டு போகும். இந்தப் பக்கத்திலும் பாதி வரி கலைந்துதான் கிடக்கிறது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். பெயர் மாடத்தியாம்.

கவனமாக இருக்க வேண்டும்.

ஜூலை 12, வெள்ளி

மேனேஜர் பிரணவ் வீட்டைச் சுற்றிக் காட்டினான். கோயம்புத்தூர்ப் பையன், முப்பது வயதுக்குள். எல்லா வாக்கியத்திலும் ஒரு ‘ங்க’வும் ஒரு ‘ஆக்சுவலி’யும் உண்டு.

“ஆக்சுவலி இந்த ஃப்ளோர் முழுக்க பர்மா தேக்குங்க சார். இந்த ஃபயர்பிளேஸ் ஸ்காட்லாண்டுல இருந்து கப்பல்ல வந்ததுங்க.”

“எந்தக் கப்பல்?”

“அது வந்துங்க... கெஸ்ட்ஸ் யாரும் அத கேட்டதில்லீங்க சார்.”

பன்னிரண்டு ஜன்னல்கள் கொண்ட முன்கூடம். சுவரில் காட்டெருமைத் தலை ஒன்று, ஒரு கண் இல்லாமல். துரைமார் வரிசையாக நிற்கிற படங்கள். கடைசி வெள்ளைக்காரன் போன பிறகு வந்த நம்மவர்களும் அதே அரைக்கால் சட்டை, அதே பைப்புடன் நிற்கிறார்கள். தோட்டத்தில் ரோஜா, நடுவில் புல்வெளி, ஓரத்தில் சம்பங்கிப் புதருக்குப் பின்னால் எதுவோ செப்பு நிறத்தில். நான் கிட்டே போகவில்லை.

நடையில் ஒரு படத்தை மாட்டியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘மழைக்காலம், 1979’ என்று அடிக்குறிப்பு. புல்வெளியில் ஏதோ ஒரு பையன், தொப்பலாக நனைந்து, கக்கத்தில் மடக்கிய குடையுடன், கையில் கண்ணாடிக் குப்பியைப் பிடித்து நிற்கிறான். பின்னால் வராந்தாவில் சிரிக்கும் முகங்கள். “கெஸ்ட்ஸுக்கு ரொம்பப் பிடிச்ச போட்டோங்க சார், க்யூட்டா இருக்கான்ல” என்றான் பிரணவ். ஒரு தொழிலாளர் குடும்பத்துக் குழந்தையின் கேவலத்தை வேடிக்கைப் பொருளாகத் தொங்கவிடுவது அநாகரிகம் என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவன் மன்னிப்புக் கேட்டான். படத்தை எடுக்கவில்லை.

மாலையில் என் அறையை மாற்றிவிட்டார்கள். கூரை ஒழுகுகிறதாம். புது அறையின் ஜன்னல் நேரே புல்வெளியைப் பார்க்கிறது. என் பையை யாரோ தொட்டிருக்கிறார்கள். துண்டு வேறு மடிப்பில் இருந்தது.

வந்த காரியத்தை இங்கே எழுதி வைக்கிறேன். வேறு யாரிடமும் சொல்லப்போவதில்லை.

என் அப்பா தேவசகாயம் இந்த எஸ்டேட்டின் ரைட்டர், அதாவது ஆபீஸ் குமாஸ்தா. தினமும் காலை எட்டு மணிக்குப் பங்களாப் புல்வெளியில் இருக்கும் மழைமானியை அளந்து பதிவேட்டில் எழுதுவதும் அவர் வேலை. இத்தனை அங்குலம், இத்தனை சென்ட், அதாவது அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு, என்று. இரண்டு நாள் மழை சேர்ந்து பன்னிரண்டு அங்குலத்தைத் தாண்டினால், சரிவுக்குக் கீழே இருந்த மேட்டுப் பாடியில், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையில், இருப்பவர்களை ஃபாக்டரி மாடிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது விதி. 1979 ஜூலை 19 பகல் ஒன்றரை மணிக்கு அந்தச் சரிவு இறங்கியது. பதினொரு பேர். பதிவேட்டில் இரண்டு நாள் மழை பத்தரை அங்குலம் என்று இருந்தது. பக்கத்து எஸ்டேட்டில் பதினேழு. என் அப்பா அளக்காமலே உத்தேசமாக எழுதினார் என்று விசாரணையில் முடிவு செய்து வேலையை விட்டு அனுப்பினார்கள். ‘பொய் மழை எழுதினவன்’ என்ற பெயருடன் மலையிறங்கினோம்.

விசாரணைக் குறிப்பு என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு வரி: ‘ஜூலை 17, 18, 19 பதிவுகளில் மை கலைந்துள்ளது.’ யார் கலைத்தது? மழை அதிகம் என்று ஒப்புக்கொண்டால் ஃபாக்டரி மாடியை ஆட்களுக்குத் திறந்துவிட வேண்டும். அங்கே பரப்பி வாட வைத்திருந்த இலை பாழாகும். துரைதான் திருத்தியிருக்கிறான். மூலப் பதிவேடு கிடைத்தால் போதும்.

ஜூலை 13, சனி

மழை. எவ்வளவு என்று எழுதப்போவதில்லை.

ஜூலை 14, ஞாயிறு

காலை எட்டு மணிக்கு மாடத்தி சமையலறையிலிருந்து வெளியே வந்து, முந்தானையில் எதையோ மறைத்து எடுத்துக்கொண்டு சம்பங்கிப் புதருக்குப் பின்னால் போனாள். ஐந்து நிமிடம். திரும்பும்போது என் ஜன்னலைப் பார்த்தாள். நேற்றும் இதே எட்டு மணி. முந்தாநாளும் அதே நேரத்துக்கு அங்கே ஆள் நடமாட்டம் தெரிந்தது. எதையோ ஒளித்து வைத்திருக்கிறாள். அல்லது நான் பார்க்க வேண்டும் என்றே செய்கிறாள்.

இட்லி வைக்கும்போது நானாகப் பேச்சுக் கொடுத்தேன்.

“இங்க எத்தனை வருஷமா வேலை பாக்கறீங்க?”

“எம்பதுல சேந்தேன் சார். முதல்ல பாத்திரம் கழுவ, அப்புறம் அடுப்படி. ஆறு துரையப் பாத்துட்டேன். ஏழாவது இந்தப் பிரணவ் தம்பி. அது துரையில்ல, துரை வேஷம்.”

“பழைய ஆபீஸ் நோட்டுப் புத்தகமெல்லாம் எங்க இருக்கும்?”

“கரையான் தின்னது போக மிச்சம் ஸ்டோர் ரூம்ல.” சட்னியை ஊற்றினாள். “எந்த வருஷத்து நோட்டு வேணும் புரொபசர் சார்?”

எல்லா வருடமும் என்றேன். அவள் சிரித்தாள்.

“எல்லாம் வேணும்னு கேக்குறவங்களுக்கு ஒண்ணுதான் வேணும். சேலக் கடைக்கு வர்ற பொம்பளைங்கள நான் பாத்ததில்லையா.”

மனைவி ஸ்டெல்லா போன் செய்தாள். “போன எடத்துல சண்டை போடாதீங்க. மாமா உயிரோட இருந்தப்ப ஒரு நாளும் அந்த எஸ்டேட்டப் பத்திப் பேசினதில்ல. நீங்க மட்டும் ஏன் தோண்டிக்கிட்டிருக்கீங்க?” பேசாதவருக்காக யாராவது பேச வேண்டாமா என்றேன். “மாமாவுக்காகவா?” என்று கேட்டுவிட்டு, சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டாள். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 15, திங்கள்

காலை முழுவதும் ஸ்டோர் ரூம். இரண்டு அட்டைகள் காலில் ஏறின. உப்பு கேட்கப் போனால் மாடத்தி தயாராக ஒரு சுருக்குப் பையை நீட்டுகிறாள். நான் அங்கே இருப்பேன் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

மழைப் பதிவேடுகள் 1931 முதல் கட்டுக் கட்டாக இருக்கின்றன. 1976, 77, 78. பிறகு 1980. ஒன்று மட்டும் இல்லை. கரையான் ஒரு வருடத்தை மட்டும் தேர்ந்தெடுத்துத் தின்னாது.

1978ஐத் திறந்தேன். அப்பாவின் கையெழுத்து. ஒரு அடித்தல் இல்லை, ஒரு கறை இல்லை. வருடம் முழுவதும், எல்லாக் காலையும், மூன்று இலக்கம். தும்மல் வந்தது. அந்த அறையில் தூசி அதிகம்.

பிரணவ் புதுத் திட்டத்துடன் வந்தான். “சார், ஆக்சுவலி ஒரு மியூசியம் கார்னர் பண்றோங்க. அதுல ரெயின் ரெஜிஸ்டர் ஒண்ணு கண்ணாடிப் பெட்டில வைக்கலாமுங்க. பொய் மழை எழுதுன கிளார்க் கதை ஒண்ணு இருக்குதாமுங்களே? நாலு வரி நீங்க எழுதிக் குடுங்க. கெஸ்ட்ஸ் அந்த மாதிரி ஸ்டோரி விரும்புவாங்க.”

“யார் சொன்னது அந்தக் கதையை?”

“இங்க எல்லாருக்கும் தெரியுமுங்க.”

எழுதித் தருகிறேன் என்றேன். நிச்சயம் எழுதுவேன். நான்கு வரி போதாது, நாற்பது எழுதுவேன். துரையின் பெயரைப் போட்டு எழுதுவேன். 17ஆம் தேதிப் பதிவு சரியானது. 18உம் 19உம் மட்டும்தான் பொய்.

மேலே உள்ள வாக்கியத்தை இப்போது படித்துப் பார்த்தேன். 17 சரியானது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்கலாம். அது தர்க்கம். பக்கத்து எஸ்டேட்டின் 17ஆம் தேதிக் கணக்கோடு ஒத்துப்போகிறது என்றுதான் நினைவு.

ஜூலை 16, செவ்வாய்

மழை சற்று விட்டதால் மேட்டுப் பாடி இருந்த இடத்துக்கு நடந்தேன். இப்போது அங்கே தேயிலைதான். நாற்பது வருடத்தில் இடுப்பளவு வளர்ந்த செடிகள், மற்றச் சரிவுகளை விட நல்ல பச்சை. ஓரத்தில் யூனியன்காரர்கள் நட்ட கல்லில் பதினொரு பெயர்கள். நான் பெயர்களைப் படிக்க வரவில்லை. இடத்தின் சரிவுக் கோணத்தைப் பார்க்க வந்தேன்.

மூன்றாவது பெயர் பேச்சியம்மாள், வயது 41. நான்காவது செல்வி, வயது 9.

செல்வி எனக்கு இரண்டு வகுப்பு கீழே. எஸ்டேட் பள்ளியில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்காருவாள், மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு ஓடுவாள்.

திரும்பும்போது பறிப்புக்குப் போகும் பெண்கள் வழியில் நின்று பார்த்தார்கள். “யாருடி இவரு?” “பங்களாவுக்கு வந்த புரொபசராம், மாடத்தி அக்கா அம்மா கல்லப் பாத்துட்டு வர்றாரு.”

பேச்சியம்மாள் மாடத்தியின் அம்மா. செல்வி தங்கை.

ஆக, அவளுக்கும் இதில் கணக்கு உண்டு. பதிவேட்டை எடுத்து வைத்திருப்பவள் அவள்தான். எதற்காக வைத்திருக்கிறாள்? யாருக்காகக் காத்திருக்கிறாள்?

ஜூலை 17, புதன்

கிடைத்துவிட்டது. எழுதுகிறேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும்.

மத்தியானம் மாடத்தி கோழி வாங்க ஜீப்பில் போனாள். நான் சமையலறைக்குள் போனேன். பெருமைப்பட ஒன்றுமில்லை, ஆனால் வரலாற்றுக்காரன் மூடிய பெட்டிகளைத் திறப்பவன். அடுப்புக்கு மேலே பலகையில் பழைய மாவுப் பெட்டி. உள்ளே மாவு இல்லை. எண்ணெய்த் துணியில் சுற்றிய நோட்டுகள், முப்பது நாற்பது இருக்கும், பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட நோட்டு. திறந்தால் எல்லாப் பக்கமும் எண்கள்தான். 1980இலிருந்து இன்று காலை வரை. கோணல்மாணலாக, ஆனால் ஒரு நாள் விடாமல். 2.15. 0.00. 3.40. எட்டு மணிக்கு முந்தானையில் மறைத்துக்கொண்டு போனது மழைமானியின் அளவுக் குப்பி. மழையில் நனையாமல் மூடிப் போயிருக்கிறாள்.

எல்லாவற்றுக்கும் அடியில் பச்சைக் காலிகோ துணி அட்டை போட்ட பதிவேடு. 1979.

ஜூலை 16 வரை அப்பா. அழகாக.

17: 4.35. 18: 5.10. 19: 5.40. மூன்று வரியிலும் மை வலப்பக்கமாக இழுபட்டு, எண்ணுக்கு வால் முளைத்த மாதிரி.

“கிடைச்சிருச்சா சார்?”

கதவருகே நின்றாள். கையில் கோழி இல்லை. கடைக்கே போகவில்லை.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. இது எஸ்டேட் ஆவணம், இதை மறைத்து வைத்தது குற்றம் என்றேன். அவள் கேட்டுக்கொண்டே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இந்தப் பங்களாவோட பழைய பட்லர் சாகும்போது குடுத்தாரு. படிக்கத் தெரியாது எனக்கு. நம்பரு தெரியும். சொல்லுங்க, எதுக்கு இந்த மூணு நாளு மட்டும் இப்படி அழிஞ்சு கெடக்கு?”

“துரை திருத்தியிருக்கான். அழிச்சுட்டு எழுதியிருக்கான். பாத்தாலே தெரியுதே.”

“நானும் அப்படித்தான் சார் நெனச்சேன். முப்பத்தஞ்சு வருஷம். அந்த மனுசன் செத்த சேதி வந்தப்ப பால்கோவா வாங்கிச் சாப்பிட்டேன்.” பதிவேட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். “ஆனா அழிச்ச எடத்துல பழைய நம்பரு லேசாவாவது தெரியணும்ல? வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். அடில ஒண்ணுமில்ல. எழுதுன கையே தொடச்சிருக்கு. இந்த மலையில அப்படி எழுதுற கை யாருதுன்னு தெரியல. போன வியாழக்கிழமை வரைக்கும்.”

மேசையிலிருந்து பால் கணக்குச் சிட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“உங்க பேனாவுல அஞ்சு, பத்துன்னு எழுதிக் காட்டுங்க.”

நான் எழுதவில்லை. இதெல்லாம் அபத்தம், உலகத்தில் பத்தில் ஒருவன் இடது கைக்காரன் என்று சொன்னேன். பதிவேட்டைக் கொடுங்கள் என்று கேட்டேன். கொடுத்தே விட்டாள்.

“எடுத்துட்டுப் போங்க. வெள்ளிக்கிழமை பத்தொம்போது. நான் கல்லுக்குப் போவேன். அதுக்குள்ள அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குப் படிச்சுச் சொல்லிருங்க. அம்புட்டுதான்.”

பதிவேடு இப்போது என் கட்டிலின் மேல் இருக்கிறது. நான் ஜெயித்துவிட்டேன்.

ஜூலை 18, வியாழன்

மழை விடவில்லை. அறையை விட்டு வெளியே போகவில்லை. மாடத்தி சாப்பாட்டைக் கதவருகே வைத்துவிட்டுத் தட்டிவிட்டுப் போகிறாள்.

காலை: பிரணவுக்கான குறிப்பு, முதல் வரைவு. ‘இப்பதிவேட்டில் ஜூலை 18, 19 பதிவுகள் நிர்வாகத்தால் திருத்தப்பட்டவை எனக் கருத இடமுண்டு.’ நல்ல வாக்கியம். நிர்வாகி இறந்துவிட்டான். யாரும் மறுக்கப்போவதில்லை. அப்பாவின் பெயர் சுத்தமாகும்.

மத்தியானம்: இரண்டாவது வரைவு. அதே வாக்கியம்.

நான்கு மணி. கிழித்துப் போட்டேன்.

1979 ஜூலையில் அப்பாவுக்குக் கால் வீங்கி நடக்க முடியவில்லை. “நீ போய் அளந்துட்டு வாடா, குப்பியக் கண்ணு மட்டத்துல பிடிச்சுப் பாக்கணும், மறக்காத” என்று என்னை அனுப்பினார். பதினொரு வயது. 17ஆம் தேதி போனேன். வளைவில் குடையை மடக்கினேன், செருப்பைக் கழற்றினேன். வராந்தாவில் துரையம்மாவின் விருந்தாளிகள். குடையைக் கையில் வைத்துக்கொண்டே நனைகிற பையனைப் பார்த்து ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படியே நில் என்று கை காட்டிப் படம் எடுத்தார்கள். குப்பியைப் பிடி என்றார்கள். இன்னொரு தடவை என்றார்கள். நாயை அவிழ்த்துவிட்டு, நான் ஓடுகிறேனா என்று பார்த்தார்கள். நான் ஓடவில்லை. 4.35 என்று சரியாக அளந்தேன். வீட்டுக்கு வந்து நானே பதிவேட்டில் எழுதினேன்.

18ஆம் தேதி வளைவு வரை போனேன். வராந்தாவில் பேச்சுக் குரல் கேட்டது. சில்வர் ஓக் மரத்தடியில் விரித்த குடையுடன் கால் மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். 5.10. 19ஆம் தேதியும் அதே மரம். 5.40. பெரிய எண் போட்டால் அப்பா ஆச்சரியப்பட்டுக் கேள்வி கேட்பார். சின்ன எண் போட்டால், மழை சத்தத்தைக் கேட்பவர் நம்ப மாட்டார். நடுவில் ஒன்று. அவ்வளவு யோசித்துத்தான் எழுதினேன். அது பதினொரு வயதுக்கு அதிக யோசனை.

அன்று மாலை, சரிவு இறங்கிய சேதியோடு பள்ளியிலிருந்து வந்தபோது, அப்பா கட்டிலில் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். அந்தப் பக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூடிவிட்டார். போனாயா என்று கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, சாகிற வரைக்கும் கேட்கவில்லை. விசாரணையில், ‘கால் வீக்கத்தால் நான் போகவில்லை, உத்தேசமாக எழுதினேன்’ என்று கையெழுத்துப் போட்டார்.

அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காததற்காகத்தான் நாற்பது வருடம் எல்லோர் மேலும் கோபமாக இருந்தேனோ என்னவோ. இதை இப்போது அடித்துவிடலாமா என்று பார்க்கிறேன். கை ஏற்கெனவே பாதியைக் கலைத்துவிட்டது.

ஜூலை 19, வெள்ளி

மாடத்தி செவ்வந்தியும் ஒரு பொட்டலம் முறுக்கும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முறுக்கு செல்விக்கு. பதிவேட்டை எண்ணெய்த் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அவள் குடைக்குள் என்னைக் கூப்பிடவில்லை. என்னிடம் குடை இருந்தது.

கல்லருகே நின்று படித்துக் காட்டினேன். பதினேழு, நான்கு முப்பத்தைந்து. பதினெட்டு, ஐந்து பத்து. பத்தொன்பது, ஐந்து நாற்பது. “முதல் நாள் அளந்தது. அடுத்த ரெண்டும் அளக்காதது. எழுதினது நான். எங்கப்பா இல்ல, துரை இல்ல. நான்.”

அவள் பூவை வைத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“பட்லர் சொல்லுவாரு, முதல் நாளு ரைட்டரு மகன் வந்தான், அடுத்த ரெண்டு நாளு ஆளக் காணோம்னு. பெரியவுகள விட்டுட்டு சின்னப் பயலப் பத்தி நெனைக்க எனக்கு மனசு வரல.” கல்லின் மேல் ஒட்டியிருந்த இலையைத் துடைத்தாள். “எங்கம்மா அன்னைக்கு மூட்டை கட்டி வாசல்ல வச்சிருந்தா. காலையில நான் ஃபாக்டரிக்குப் போகும்போது சொன்னா, இன்னைக்குக் கட்டாயம் பன்னெண்டு வந்திரும்டி, கூப்புடுவாங்க, நீ மாடியில எடம் பிடிச்சு வையின்னு. பிடிச்சு வச்சிருந்தேன். ஜன்னல் ஓரமா. செல்விக்கு ஜன்னல் வேணும்பா.”

மன்னியுங்கள் என்பதைச் சொல்லத் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அத எங்கிட்ட கேக்காதீங்க. அது எங்கிட்ட இல்ல.”

பாதி வழி திரும்பி வந்ததும் சொன்னாள்.

“எம்பதுலருந்து நான்தான் அளக்குறேன். யாரும் சொல்லல. கீழ் பாடியில இன்னும் முப்பது வீடு இருக்கு. ரெண்டு தடவ பன்னெண்டு தாண்டிச்சு. ரெண்டு தடவையும் நானே போயி கதவத் தட்டிக் கூப்பிட்டேன். ஒரு தடவ ஒண்ணும் நடக்கல, எல்லாரும் வஞ்சாங்க.” சிரித்த மாதிரி இருந்தது. சிரிப்பில்லை. “வஞ்சா வையட்டும்.”

பங்களா வளைவு வந்தது. என் கை குடைக் கம்பிக்குப் போனது.

“விரிச்சே வாங்க,” என்றாள் மாடத்தி. “நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு நீங்க அளங்க. எனக்கு மூட்டு வலி.”

பிரணவிடம் கண்ணாடிப் பெட்டிக்கான நான்கு வரியைக் கொடுத்தேன். படித்தான். ‘க்யூட்’ என்று சொல்லவில்லை. “சார், இத அப்படியே வைக்கணுமுங்களா? உங்க பேரோடவா?” அப்படியேதான் என்றேன். பதிவேட்டுக்குப் பக்கத்தில் நடையில் இருக்கும் படத்தையும் வைக்கச் சொன்னேன். அடிக்குறிப்பில் பையனின் பெயரைச் சேர்த்திருக்கிறேன்.

ஜூலை 20, சனி

காலை எட்டு மணி. 6 அங்குலம் 85 சென்ட். குப்பியைக் கண் மட்டத்தில் பிடித்து இரண்டு தடவை பார்த்தேன்.

மாடத்தியின் நோட்டில் நேற்றைய எண் 5.60. கூட்டினோம். அவள் அடுப்பை அணைத்தாள். நான் செருப்பு மாட்டினேன். கீழ் பாடியில் முப்பது கதவு. பதினைந்து அவளுக்கு, பதினைந்து எனக்கு.

மீதியை வந்து எழுதுகிறேன்.